அடுத்த வீட்டு நாயும் நம் வீட்டு வாசலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்தால் பாதிக்கு மேல் நாய் விவகாரம். மதில், கோலம், கோழி, கடி, ராத்திரி முழுக்கக் குரைப்பு என்று ஆளுக்கு ஒரு கதை, எல்லாமே கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து. அதனால் பாகப்பிரிவினை, வாடகை பாக்கி கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடலூரில் வக்கீலாக இருந்தவள், வீட்டில் நாய் வளர்ப்பவள் என்பதால் இரண்டு பக்கத்துக் கோபமும் எனக்குப் பழக்கம். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

கேள்வி (செம்மண்டலம், கடலூர்): அம்மா, பெஞ்சல் புயலில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்த மதில் இருபதடி நீளத்துக்குச் சரிந்துவிட்டது. யார் கட்டுவது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. அந்த இடைவெளி வழியாக அவர்கள் வீட்டு நாய் விடியற்காலையில் வந்து செடித் தொட்டியைக் கிளறுகிறது, அப்புறம் கேட்டுக்கு வெளியே போய் நான் கோலம் போட்ட இடத்திலேயே அசிங்கம் பண்ணுகிறது. அந்த அக்காவிடம் சொன்னால், "வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும், ரோடு என்ன உன் பேர்லயா இருக்கு?" என்கிறார். போலீசில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்று உங்களிடம் நாலு பேராவது சொல்லியிருப்பார்கள். ஐந்து மணிக்கு எழுந்து, கூட்டி, சாணம் கரைத்துத் தெளித்து, ஈரம் காய்வதற்குள் புள்ளி வைத்து, குனிந்த இடுப்பு நிமிராமல் இழுத்த கோலம் அது. மார்கழி என்றால் நடுவில் பூசணிப்பூ வேறு. உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு காபித் தம்ளரோடு திரும்பி வந்தால் நடு இழையில் அது கிடக்கிறது. அதை முறத்தில் வாரிப் போட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி, கரைந்துபோன பாதிக் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற யாரும் ரோடு யார் பேரில் இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள்.

ரோடு உங்கள் பேரில் இல்லை, அது நிஜம்தான். பட்டாவில் உங்கள் இடம் கேட்டோடு முடிந்துவிடுகிறது. ஆனால் நம் ஊரில் வாசல் என்று ஒன்று இருக்கிறது, தினமும் அதைக் கூட்டித் தெளிக்கிறவருக்கு அதில் ஒரு பாத்தியதை உண்டு என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்த அக்காவுக்கும் தெரியும். நாய்க்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்வதும் சரிதான், ஆனால் அதற்குத் தெரியாது என்பதால்தான் வளர்க்கிறவர் தெரிந்துகொண்டு கட்டிவைக்க வேண்டும். வாயில்லா ஜீவன் என்பது நாயைக் காப்பாற்றச் சொல்ல வேண்டிய வார்த்தை, நாய் வளர்க்கிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லக் கூடாது.

போலீஸ் வேண்டாம். இதற்காகப் போனால் மனுவை வாங்கிக்கொண்டு மனு வந்ததற்கு அத்தாட்சியாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள், இரண்டு வீட்டையும் கூப்பிட்டு வைத்துப் பேசுவார்கள், அதோடு சரி. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 291-ஆவது பிரிவு இருக்கிறது, பழைய தண்டனைச் சட்டத்தில் 289 என்று இருந்தது. ஆனால் அது, வளர்க்கும் பிராணியால் மனித உயிருக்கோ பலத்த காயத்துக்கோ ஆபத்து வரலாம் என்ற நிலையில் அலட்சியமாக இருப்பவருக்கானது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கோலத்தில் மலம் கழித்த நாய்க்கு அந்தப் பிரிவு பொருந்தாது. சிவில் கோர்ட்டில் நிரந்தரத் தடை உத்தரவு கேட்கலாம், ஆனால் அந்த வழக்கு முடிவதற்குள் அந்த நாய்க்கே வயதாகிவிடும்.

உங்கள் விஷயத்தில் நோய் நாய் இல்லை, மதில். அதை முடித்தால் பாதித் தொல்லை தீரும். 2024 நவம்பர் 30 ராத்திரி அந்தப் புயல் கரை ஏறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை கொட்டியது, அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணை பொங்கி கடலூர்ப் பக்கம் வந்தது. ஊறிப்போன அஸ்திவாரத்தோடு விழுந்த மதில்கள் எத்தனை என்று கணக்கே இல்லை, அதில் பல இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன. காரணம் பணம் மட்டும் இல்லை. மதில் யார் நிலத்தில் நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தாலுகா அலுவலகத்தில் புல வரைபடம் எடுங்கள், எல்லை அளக்கச் சொல்லி மனு கொடுத்துப் பணம் கட்டுங்கள். சர்வேயர் இரண்டு தரப்புக்கும் தகவல் கொடுத்துவிட்டு வந்து அளந்து கல் காட்டுவார். முழுக்க உங்கள் நிலத்தில் நின்ற மதில் என்றால் கட்ட வேண்டியது நீங்கள், முழுக்க அவர்கள் நிலத்தில் என்றால் அவர்கள், நடுக்கோட்டில் நின்ற பொதுச் சுவர் என்றால் ஆளுக்குப் பாதி. எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் உங்கள் எல்லைக்குள் அரையடி தள்ளி நீங்களே எழுப்பிக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.

அதெல்லாம் நடக்க மாதக்கணக்காகும். அதுவரை அந்த இருபதடிக்கு நாலு சவுக்குக் கம்பு நட்டு கோழி வலை அடித்துவிடுங்கள், ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், தென்னங்கீற்றுத் தட்டி இன்னும் சுலபம். கோலம் போடும் இடத்தை வினிகர் கலந்த தண்ணீரால் இரண்டு மூன்று நாள் கழுவுங்கள். நாய் தன் வாசனை இருக்கிற இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வரும். பினாயிலைக் கொட்ட வேண்டாம், நக்கினால் நாய்க்கும் பூனைக்கும் கேடு. மிளகாய்ப்பொடி, ஆசிட் எல்லாம் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

அப்புறம் அந்த அக்காவிடம் ஒருமுறை போய்ப் பேசுங்கள். காலையில் ஆறு மணிக்குக் கையில் துடைப்பத்தோடு பேசியது பேச்சில் சேராது. சாயங்காலம் போங்கள், உங்கள் வீட்டுக்காரர் இல்லாமல், தனியாக. நாயைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள், மதிலைப் பற்றி ஆரம்பியுங்கள், இரண்டு வீட்டுக்கும் நஷ்டம் அதில்தான். முடிக்கும்போது மட்டும், "அக்கா, அஞ்சுலேர்ந்து ஏழு மணி வரைக்கும் கட்டி வெச்சுக்கோங்க, மத்த நேரத்துக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்று கேளுங்கள். "நாயை ஒழுங்கா வளர்க்கத் தெரியாதா" என்றால் எந்த மனுஷியும் சண்டைக்குத்தான் வருவாள், இரண்டு மணி நேரம் என்று கேட்டால் முடியாது என்று சொல்ல வாய் வராது. அப்படியும் சொன்னால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத் தாளில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். 1987-ஆம் வருஷச் சட்டப்படி வந்த அமைப்பு, கோர்ட் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வழக்குப் போடுவதற்கு முன்பே இரண்டு பேரையும் வரவழைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீலும் கிடையாது. மதிலையும் நாயையும் ஒரே மனுவில் எழுதலாம்.

கேள்வி (முதலியார்பேட்டை, புதுச்சேரி): மாடி வீட்டுக்காரர் நாய் என் பையனைக் கணுக்காலில் கடித்துவிட்டது. பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது, அவ்வளவுதான். "நாங்க வருஷா வருஷம் ஊசி போடுறோம், உங்க பையனுக்கு ஒண்ணும் ஆகாது, மஞ்சள் வெச்சுவிடுங்க" என்கிறார்கள். ஊசி போட்டுக்கொண்டால் அவர்கள்மேல் புகார் கொடுக்கப்போகிறோம் என்று நினைத்து மனஸ்தாபம் ஆகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: இதைப் படிக்கும்போதே எழுந்து போங்கள். உங்கள் கடிதம் எனக்கு வந்து சேரவே நாலு நாள் ஆகியிருக்கிறது, அச்சில் வர இன்னும் நாளாகும் என்பதால் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு நேற்றே போன் செய்து சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. வராமல் தடுப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, அது முழுக்க நம் கையில் இருக்கிறது. கடித்த உடனே குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிஷம் என்பது நீண்ட நேரம், பிள்ளை அழும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று வரும். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும், அதை நீங்களே கேட்டு வாங்குங்கள். இடையில் நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஊசியை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும், அடித்துக் கொல்லவோ எங்கேயாவது கொண்டுபோய் விடவோ கூடாது.

நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்பது நல்ல செய்தி. அந்த அட்டையை வாங்கிப் பாருங்கள், தேதி பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் ஊசி வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் நாய் வளர்க்கிறவருக்குக் கிடையாது. பெரியவர்கள் பலருக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினாலு ஊசி இன்னும் மனதில் இருக்கிறது, அந்தப் பழைய மருந்தை 2004-லேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் போடும் சின்ன ஊசிதான், பையனிடமும் அதைச் சொல்லுங்கள்.

மனஸ்தாபம் பற்றி. மாடி வீட்டுக்காரர்கள்தான் உங்கள் கதவைத் தட்டி, வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வண்டியை எடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யாதவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பெற்ற பிள்ளையின் ஊசியைத் தள்ளிப்போடுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி): எதிர்வீட்டுப் பெரியம்மா தினமும் ராத்திரி தெருநாய்களுக்கு எங்கள் கேட் ஓரமாகச் சோறு வைக்கிறார். ஏழெட்டு நாய்கள் சேர்ந்துவிடுகின்றன. டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைகளைத் துரத்துகின்றன. சொன்னால், சட்டமே சோறு போடச் சொல்கிறது என்கிறார்.

பதில்: அந்தப் பெரியம்மாவின் மனசு நல்ல மனசு, இடம்தான் தப்பு. 2023-ஆம் வருஷம் வந்த விலங்கு இனக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்க்குச் சோறு போடுவதை ஒத்துக்கொள்கின்றன. ஆனால் அதே விதிகள் பிள்ளைகள் விளையாடும் இடம், வீட்டுக்குள் போகவரும் வழி, மாடிப்படி இவற்றை விட்டுத் தள்ளி, பிள்ளைகளும் வயசானவர்களும் அதிகம் நடமாடாத இடத்திலும் நேரத்திலும் போட வேண்டும், மிச்சத்தைக் கூட்டி எடுக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் கண்ட இடத்தில் ரோட்டில் சோறு போடக் கூடாது, உள்ளாட்சிகள் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறி பிடித்ததையும் கடிக்கும் சுபாவம் உள்ளதையும் விடக் கூடாது என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது.

உங்கள் பகுதி உழவர்கரை நகராட்சியில் வருகிறது. தெருவில் பத்துப் பேர் கையெழுத்து வாங்கி, சோறு வைக்க ஒரு இடம் குறித்துக் கொடுக்கவும் இந்த நாய்களுக்குக் கருத்தடை செய்யவும் கேட்டு ஒரே மனுவாகக் கொடுங்கள். முதல் கையெழுத்தை அந்தப் பெரியம்மாவிடம் வாங்குங்கள். தெருவில் நாய் பிடிக்கும் வண்டி வரும்போது அவர் கூப்பிட்டால்தான் அந்த ஏழெட்டும் வரும், வேறு யார் கூப்பிட்டாலும் ஓடிவிடும். அவரை எதிரியாக்கிக்கொண்டால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): எங்கள் நாய் கட்டை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பின்வீட்டு ஆயாவின் கோழிகளில் ஆறைக் கடித்துப் போட்டுவிட்டது. அந்த ஆயா பன்னிரண்டாயிரம் கேட்கிறார். கறிக்கடை விலைக்குப் பார்த்தால் பாதிகூட வராது. எவ்வளவு கொடுப்பது நியாயம்?

பதில்: கறிக்கடை விலையைப் பேசாதீர்கள். முட்டையிடும் நாட்டுக்கோழி கறி இல்லை, அந்த ஆயாவுக்கு அது மாத வருமானம். எத்தனை பெட்டை, எத்தனை சேவல், எது முட்டையில் இருந்தது, எது அடையில் இருந்தது என்று உட்கார்ந்து கேளுங்கள், அப்புறம் தொகை தானாக ஒரு இடத்துக்கு வரும். அவர் கேட்டது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தாலும் தப்பு உங்கள் பக்கம், பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இல்லை.

என் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. எங்கள் மணி, கலப்பு ஜாதி, ராஜபாளையத்தின் ரத்தம் கொஞ்சம் இருக்கும் போல, ஒரு பொங்கல் சமயம் பின்பக்க வேலியில் நுழைந்து பக்கத்து ஆயாவின் தாய்க்கோழியைக் கொன்றுவிட்டது. அடியில் பதினொரு குஞ்சு. பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஆயா பணத்தைப் பார்க்கவே இல்லை, "இதுங்கள என்னம்மா பண்றது?" என்று முந்தானையை விரித்துக் காட்டினார். கத்திக்கொண்டே இருந்தன. வாங்கிக்கொண்டு வந்து, டிவி வந்த அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, பொட்டுக்கடலை டப்பா மூடியில் தண்ணீர் வைத்து, கேழ்வரகும் நொய்யும் போட்டு வளர்த்தேன். ராத்திரி பல்பைக் கொஞ்சம் உயர்த்தினால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், இறக்கினால் வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஓடும், அந்தச் சரியான உயரம் பிடிபடவே மூன்று நாள் ஆனது. மூன்று செத்துப்போய்விட்டன. எட்டை இறகு முளைத்த பிறகு கூடையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் ஆயா பணத்தையும் வாங்கிக்கொண்டார். மணியை வைவதை நிறுத்தவில்லை, ஆனால் அவர் வீட்டு மீன் தலை அதற்குத்தான் வரும்.

அதனால் பணம் கொடுங்கள், அதோடு நிற்காமல் நல்ல பெட்டைக்கோழி இரண்டு சந்தையில் வாங்கிக் கொடுங்கள். அப்புறம் நாயின் கழுத்துப் பட்டையைப் பாருங்கள். இரண்டு விரல் நுழைகிற அளவு இருக்க வேண்டும், அதற்கு மேல் தளர்ந்தால் தலையை உருவிக்கொண்டு போய்விடும்.

கேள்வி (கூத்தப்பாக்கம், கடலூர்): பக்கத்து வீட்டில் ஒரு நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் படுக்கையறை ஜன்னலை ஒட்டித்தான் கட்டுகிறார்கள். ராத்திரியும் விடாமல் குரைக்கிறது. என் மாமனார் இதய நோயாளி. பொறுக்க முடியாமல் என் கணவர் சாப்பாட்டில் எதையாவது கலந்து வைத்துவிடுவேன் என்று சொல்கிறார்.

பதில்: உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஒரு பிராணிக்கு விஷம் வைத்துக் கொல்வது, ஊனமாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். சட்டத்தை விடுங்கள். விஷம் தின்ற நாய் எப்படிச் சாகிறது என்று நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், வாயில் நுரை தள்ளி, கால் நான்கும் இழுத்துக்கொண்டு, எஜமான் குரல் கேட்டால் அந்த நிலையிலும் வாலை அசைக்கப் பார்க்கும். மீந்த சோற்றைக் காக்கை தின்னும், பூனை தின்னும், தவழும் குழந்தை எடுத்து வாயில் வைக்கும். இந்தப் பேச்சே உங்கள் வீட்டில் இனி வரக் கூடாது.

ஆனால் உங்கள் கஷ்டம் பொய்யில்லை. இதில் முதல் தப்பு நாயை வளர்ப்பவர்களுடையது. நாள் கணக்கில் கட்டிப்போட்ட நாய்க்கு நடக்க வழி செய்யாமல் விடுவதும் நியாயமில்லாத நேரம் சங்கிலியில் வைப்பதும் 1960-ஆம் வருஷ விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் வதை என்றே எழுதியிருக்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய், எத்தனையோ வருஷத்துக்கு முன் எழுதிய தொகை, நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வரும். நாய் கெட்ட குணத்தில் குரைக்கவில்லை. எட்டு மணி நேரம் நாலடி வட்டத்தில் நின்ற நாய்க்கு ராத்திரி தூக்கம் வராது, இலை அசைந்தாலும் குரைக்கும்.

அவர்களிடம் இரண்டே விஷயம் கேளுங்கள். கட்டும் இடத்தை உங்கள் ஜன்னல் பக்கத்திலிருந்து அவர்கள் கொல்லைப்பக்கம் மாற்ற வேண்டும், ஒரு கொக்கி அடிக்கிற வேலைதான். காலையில் அரை மணி, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அரை மணி நாயை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். நடந்து களைத்த நாய் தூங்கும். நேரமில்லை என்றால் தெருவில் கல்லூரிப் பிள்ளை யாருக்காவது மாதம் ஏதாவது கொடுத்தால் அழைத்துப் போவான். உங்கள் மாமனாரின் மருத்துவச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள், பயமுறுத்த இல்லை, நிலைமை புரியட்டும் என்றுதான்.

கேள்வி (அரியாங்குப்பம்): பாட்டிலில் நீலம் கரைத்த தண்ணீர் வைத்தால் நாய் வராது என்கிறார்களே?

பதில்: வரும். நாய்க்கு நீல நிறம் நன்றாகவே தெரியும், ஆனால் அதைப் பார்த்துப் பயப்பட ஒரு காரணமும் இல்லை. தெருவுக்குத் தெரு அந்தப் பாட்டிலை வைத்திருக்கிறார்கள், அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் நாயையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தைக் கழுவி வாசனையைப் போக்குங்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): எங்கள் வீட்டுக்குள் மதில் ஓரமாக நந்தியாவட்டையும் செம்பருத்தியும் இருக்கின்றன. மூன்றாவது வீட்டுப் பெரியவர் விடியற்காலையில் பூஜைக்குப் பூப்பறிக்க வருவார். கொக்கி வைத்து வெளியே நின்று பறிப்பார், சில நாள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிடுவார். போன வாரம் அப்படி வந்தபோது எங்கள் நாய் முன்கையில் கடித்துவிட்டது. கேட்டில் "நாய்கள் ஜாக்கிரதை" போர்டு இருக்கிறது. கேட்காமல் உள்ளே வந்தது அவர் தப்பு, செலவு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்கிறான் என் மகன். அவர் மகனோ கேஸ் போடுவேன் என்கிறார்.

பதில்: உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூடிய கேட்டைத் திறந்து அடுத்தவர் வீட்டுக்குள் போவது தப்பு, சாமிக்கு என்றாலும் தப்பு. கேட்காமல் பறித்த பூ சாமிக்கு ஆகாது என்று என் அம்மா சொல்வாள், மதிலுக்கு வெளியே தொங்கும் கிளைக்கும் சேர்த்துத்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர் காலையில் வந்து பார்த்தால் மொட்டுகூட மிஞ்சாமல் மொட்டையாக நிற்கும், அந்த வயிற்றெரிச்சல் பூச்செடி வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் உங்கள் கடிதத்திலேயே "சில நாள் உள்ளேயே வந்துவிடுவார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் வருவது உங்களுக்குத் தெரியும், வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததைச் சம்மதம் என்றுதான் கோர்ட்டும் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். தெரிந்தும் அந்த நேரத்தில் நாயை அவிழ்த்துவிட்டிருந்தால் 291-ஐப் பற்றி அவர் மகன் பேசுவதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. போர்டும் உங்களைக் காப்பாற்றாது, இங்கே கடிக்கிற நாய் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். யாரும் வராத ராத்திரியில், பூட்டிய கேட்டுக்குள், சுவரேறி வந்த திருடனைக் கடித்திருந்தால் கதை வேறு.

அதனால் கேஸ் என்ற பேச்சை இரண்டு பேரும் விடுங்கள். மருத்துவச் செலவு என்று வந்தால் நீங்கள் கொடுங்கள். கேட்டுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போடுங்கள், பெரியவரிடம், "ஐயா, இனிமே உள்ள வர வேண்டாம், நாங்களே பறிச்சு வெக்கிறோம்" என்று நேரில் சொல்லுங்கள். ஒரு சின்னப் பனையோலைக் கூடையைக் கேட் கம்பியில் மாட்டி, நீங்கள் பறிக்கும்போது அவருக்கும் ஒரு கைப்பிடி அதில் போட்டுவிடுங்கள், மிச்சம் உங்கள் செடியில் இருக்கும். அவருக்கு மூன்று ஊசி முடிந்திருக்கும், கடைசி ஊசி 28-ஆம் நாள் வருகிறது. காயம் ஆறிவிட்டது என்று பெரியவர்கள் பல பேர் அதை விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு உங்கள் மகன் லீவு போட்டு, தன் வண்டியிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வரட்டும்.